டிரிப்புக்கு பொட்டாஷ் கரையற நேரத்தை கம்ப்யூட்டர்ல கணக்கு போடறது எப்படி

சேலம் சுத்துப்பட்டுல, வாழப்பாடி ஆத்தூர் பக்கம், டிரிப் (சொட்டு நீர்ப் பாசனம்) போட்ட குச்சிக்கிழங்கு காடு எங்க போனாலும் மோட்டார் ரூம் பக்கத்துல ஒரு 200 லிட்டர் ட்ரம் நிக்கும், அதுல உரத்தை கொட்டி கலக்கி வெஞ்சுரி வழியா லைன்ல உறிஞ்சி விடுவாங்க. எவ்வளவு நேரம் கலக்கணும்னு கேட்டா ஆளுக்கு ஒரு பதில் வரும். இந்த கேள்வியையே ப்ராஜெக்ட்டா எடுக்கற இன்ஜினியரிங் பசங்க இங்க நிறைய பேர் இருக்காங்க, ஆனா முக்காவாசி பேர் முதல் நாளே ஓபன்ஃபோம்ங்கற தண்ணி ஓட்டத்த கணக்கு போடற சாஃப்ட்வேர இன்ஸ்டால் பண்ணி ட்ரம்மை 3டி-ல வரைஞ்சு மெஷ் போட (சின்னச் சின்ன கட்டமா, அதாவது செல்லா பிரிக்க) ஆரம்பிச்சிடறாங்க, ரெண்டு மாசம் கழிச்சு கலர் கலரா படம் இருக்கும், எத்தன நிமிஷத்துல கரையும்னு கேட்டா பதில் இருக்காது.

என் கருத்து இதுதான்: மொதல்ல ஒரே ஒரு கல்லு, அதாவது ஒரு உரக் குருணை கரையறத கணக்கு போடுங்க, எக்செல் போதும். பாதிக்கு மேல விடை அங்கயே வந்துடும், 3டி எதுக்கு வேணும் எதுக்கு வேணாம்னும் அங்கதான் தெரியும். அதனால இங்கயும் அந்த வரிசைலயே போறேன். உதாரணத்துக்கு வெள்ளை பொட்டாஷ், அதாவது பொட்டாசியம் குளோரைடு, 200 லிட்டர் தண்ணிக்கு 20 கிலோ, 25 டிகிரி.

கல்லு எப்படி கரையுதுங்கறத ஒரு நிமிஷம் பாத்துடலாம். கல்லோட மேற்பரப்ப ஒட்டி இருக்கற தண்ணி உடனே தெவிட்டிய கரைசல் ஆயிடும், அதுக்கு மேல அதால ஒரு துளி கூட வாங்க முடியாது. அங்கேருந்து உப்பு வெளில இருக்கற நல்ல தண்ணிக்கு ஒரு மெல்லிய படலத்த தாண்டி போகணும், அந்த படலத்துக்குள்ள அது டிஃப்யூஷன்ல (ஓட்டம் இல்லாம தானா பரவறதுல) தான் நகரும், அதுதான் ரொம்ப மெதுவான இடம். தண்ணி ஓட்டம் பண்றதெல்லாம் அந்த படலத்த மெலிசாக்கறது மட்டும்தான். 1897-ல நாய்ஸும் விட்னியும் கரையற வேகம் இந்த செறிவு வித்தியாசத்த பொறுத்துன்னு சொன்னாங்க, 1904-ல நெர்ன்ஸ்ட்டும் ப்ரூனரும் அந்த படலக் கணக்க சேத்தாங்க, இன்னிக்கு வரைக்கும் எந்த பெரிய சாஃப்ட்வேர எடுத்தாலும் அடியில ஓடறது பெரும்பாலும் இதேதான்.

சூத்திரம் ஒரு வரி தான். கல்லோட ஆரம் ஒரு செகண்டுக்கு எவ்வளவு குறையும்னா, பரிமாற்ற குணகம் × (தெவிட்டிய செறிவு − சுத்தி இருக்கற தண்ணியோட செறிவு) ÷ கல்லோட அடர்த்தி. தெவிட்டிய செறிவு பொட்டாசியம் குளோரைடுக்கு 25 டிகிரில ஒரு கன மீட்டருக்கு சுமார் 309 கிலோ, கல்லோட அடர்த்தி 1984, ரெண்டும் எந்த கெமிஸ்ட்ரி கையேட்டுல பாத்தாலும் கிடைக்கும். இதுல பாத்துக்க வேண்டிய ஒரு விஷயம், புத்தகத்துல கரைதிறன் 100 கிராம் தண்ணிக்கு 35.5 கிராம்னு போட்டிருக்கும், அத அப்படியே தூக்கி கன மீட்டருக்கு 355 கிலோன்னு போட்டுடாதீங்க, உப்பு சேந்தா கரைசலோட கன அளவும் கூடும், தெவிட்டிய கரைசலோட அடர்த்தி சுமார் 1180, அந்த வழில போனாதான் 309 வரும்.

மிச்சம் இருக்கறது பரிமாற்ற குணகம், அதாவது உப்பு அந்த படலத்த எவ்வளவு வேகமா தாண்டுதுங்கற எண்ணு, முழு வித்தையும் இதுக்குள்ளதான் இருக்கு. இது ஷெர்வுட் எண் × டிஃப்யூஷன் குணகம் ÷ கல்லோட விட்டம். ஷெர்வுட் எண்ங்கறது ஓட்டத்தால பரிமாற்றம் எவ்வளவு கூடுதுன்னு காட்டற எண்ணு. டிஃப்யூஷன் குணகம் செகண்டுக்கு 1.9 × 10⁻⁹ சதுர மீட்டர்னு வச்சுக்கலாம். தண்ணி அசையவே இல்லன்னா உருண்டைக்கு ஷெர்வுட் எண் சரியா 2. தண்ணி ஓடினா அது ஏறும், எவ்வளவு ஏறும்ங்கறதுக்கு 1952-ல ரான்ஸும் மார்ஷலும் குடுத்தத தான் எல்லாரும் போடறாங்க: 2 + 0.6 × ரெனால்ட்ஸ் எண்ணோட வர்க்கமூலம் × ஷ்மிட் எண்ணோட கனமூலம். அவங்க பாத்தது என்னமோ ஆவியாகற நீர்த்துளிய, ஆனா கணக்கு ஒண்ணுதான், கரையற கல்லுக்கும் பொருந்துது. ஷ்மிட் எண்ங்கறது தண்ணியோட இயக்கப் பாகுநிலைய (பாகுநிலை ÷ அடர்த்தி) டிஃப்யூஷன் குணகத்தால வகுக்கறது, நம்ம கேஸ்ல 470, அதோட கனமூலம் 7.8 பக்கம்.

ரெனால்ட்ஸ் எண்ங்கறது வேகம் × கல்லோட விட்டம் ÷ அதே இயக்கப் பாகுநிலை, இதுல தான் நிறைய பேர் சறுக்கறாங்க. பைப்ல தண்ணி செகண்டுக்கு அரை மீட்டர் வேகத்துல ஓடுதுன்னா அந்த அரை மீட்டர அப்படியே போட்டுடறாங்க. தப்பு. கல்லும் தண்ணியோட சேந்து தான் போயிட்டிருக்கு, அதனால போட வேண்டியது தண்ணிக்கும் கல்லுக்கும் நடுவுல உள்ள வேக வித்தியாசம், அதத்தான் ஸ்லிப்ன்னு சொல்றோம். மிதந்துட்டு இருக்கற கல்லுக்கு ஸ்லிப் ஏறக்குறைய அது தண்ணில மூழ்கற வேகம். கல்லு மேல தண்ணியோட இழுவிசையும் தண்ணிக்குள்ள கல்லோட எடையும் சமமாகற வேகம் தான் அது, அத கண்டுபிடிக்க ஷில்லர்-நௌமன் இழுவிசை சூத்திரம் போதும்: இழுவிசை குணகம் = 24 ÷ ரெனால்ட்ஸ் × (1 + 0.15 × ரெனால்ட்ஸ் அடுக்கு 0.687). வேகம் தெரிஞ்சாதான் ரெனால்ட்ஸ், ரெனால்ட்ஸ் தெரிஞ்சாதான் வேகம், அதனால ஒரு குத்துமதிப்பு வேகம் போட்டு அஞ்சாறு தடவ சுத்த விடுங்க, நின்னுடும்.

1 மி.மீ. பொட்டாஷ் கல்லுக்கு போட்டு பாத்தா மூழ்கற வேகம் செகண்டுக்கு 11.5 செ.மீ., ரெனால்ட்ஸ் 129, ஷெர்வுட் 55, பரிமாற்ற குணகம் செகண்டுக்கு 0.105 மி.மீ. இதையே அரை மி.மீ. கல்லுக்கு போடுங்க, 0.109 வரும். 0.1 மி.மீ.க்கு 0.108. பாத்தீங்களா, கல்லு பத்துல ஒண்ணா சுருங்கினாலும் குணகம் அசையல, ஏன்னா சின்ன கல்லுக்கு படலம் இயல்பாவே மெலிசு ஆனா மூழ்கற வேகம் கம்மி, ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு அடிச்சுக்குது. அப்ப ஆரம் ஒரே சீரா செகண்டுக்கு 0.016 மி.மீ. குறையும், சுத்தமான தண்ணில 1 மி.மீ. கல்லு முழுசா கரைய அரை நிமிஷம். ஆரம் சீரா குறையுதுன்னா எடையோட கனமூலம் நேர்கோட்டுல இறங்கும், 1931-ல ஹிக்ஸனும் க்ரோவெல்லும் சொன்ன கனமூல விதி இதுதான். பாதி நேரத்துலயே எடைல எட்டுல ஏழு பங்கு போயிடும்ங்கறத மனசுல வச்சுக்கோங்க, பின்னாடி வேலைக்கு ஆகும்.

தண்ணி துளி கூட அசையலன்னா, அதாவது ஷெர்வுட் 2-லயே நின்னா, அதே கல்லுக்கு சுமார் 7 நிமிஷம் ஆகும். இதுக்கு கைக்கணக்கு சூத்திரமும் இருக்கு: அடர்த்தி × விட்டத்தோட வர்க்கம் ÷ (8 × டிஃப்யூஷன் குணகம் × தெவிட்டிய செறிவு), 422 செகண்டு வரும். உங்க புரோகிராம் எழுதி முடிச்சதும் மொதல் டெஸ்டு இதுதான், ஸ்லிப்ப பூஜ்யம் ஆக்கிட்டு, சுத்தி இருக்கற தண்ணியோட செறிவையும் பூஜ்யத்துலயே நிறுத்தி வச்சு ஓட விடுங்க, 422 வரலன்னா வேற எதையும் பாக்க வேணாம், அங்கயே உக்காந்து சரி பண்ணுங்க.

புரோகிராம்னு சொன்னேன், அது பைத்தான்ல முப்பது வரி கூட வராது, லேப்டாப் இல்லன்னா கூகுள் கோலேப் போதும், போன்லயே ஓட்டலாம். ஒரு லூப், உள்ள வரிசையா மூழ்கற வேகம், ரெனால்ட்ஸ், ஷெர்வுட், குணகம், ஆரம் குறையறது, ட்ரம் தண்ணியோட செறிவு ஏறறது. 0.1 செகண்டு ஸ்டெப் எடுத்தா 1 மி.மீ. கல்லுக்கு தாராளம். ஆனா கடைசி நேரத்துல ஒரு வம்பு இருக்கு. கல்லு ரொம்ப பொடியானதும் ஷெர்வுட் 2-க்கு இறங்கிடும், அப்புறம் ஆரம் சுருங்க சுருங்க குறையற வேகம் தலைகீழா ஏறும், ஒரு ஸ்டெப்ல ஆரம் மைனஸ்ல போயிடும், வர்க்கமூலம் எடுக்கற இடத்துல புரோகிராம் படுத்துடும். இதுக்கு ரெண்டு வழி. ஆரத்துக்கு பதிலா விட்டத்தோட வர்க்கத்த வச்சு ஸ்டெப் எடுக்கலாம், அது கடைசில சீரா இறங்கும். இல்லன்னா 50 மைக்ரானுக்கு கீழ வந்த கல்ல தூக்கிடலாம், 1 மி.மீ. கல்லோட எடைல அது எட்டாயிரத்துல ஒரு பங்கு, ஒண்ணும் குடி முழுகாது. ஆனா தூக்கும்போது அந்த மிச்ச எடைய தண்ணி கணக்குல சேத்துட்டு தூக்குங்க. ஒவ்வொரு ஸ்டெப்லயும் கரையாத எடை + கரைஞ்ச எடை = போட்ட எடை வருதான்னு ஒரு வரி செக் போட்டு வைங்க, பாதி தப்பு அங்கயே மாட்டிக்கும்.

இன்னொரு சின்ன திருத்தம், பொட்டாஷ் மாதிரி நல்லா கரையற உப்புல, மேற்பரப்புலேருந்து கிளம்பற உப்பே தன் பங்குக்கு வெளிப்பக்கமா ஒரு ஓட்டத்த உண்டாக்கும். தெவிட்டிய கரைசல்ல எடைப்படி 26 சதவீதம் உப்பு இருக்கறதால வேகம் ஒரு 15 சதவீதம் கூடும். யூரியாவுக்கு இது இன்னும் பெருசு, 20 டிகிரில 100 மி.லி. தண்ணில 100 கிராமுக்கு மேலயே கரையும், அங்க இத விட்டா கணக்கு நிக்காது.

இப்ப நம்ம ஊர் விஷயத்துக்கு வர்றேன், வெப்பநிலை. மே மாசம் சேலத்துல வெயில்ல நிக்கற டேங்க் தண்ணி 35 டிகிரி சாதாரணமா இருக்கும், அதே சமயம் சுமார் 1500 மீட்டர் உயரத்துல இருக்கற ஏற்காட்டுல டிசம்பர் காலைல 15 டிகிரி தண்ணிய எதிர்பாக்கலாம். 15-லேருந்து 35 போனா தண்ணியோட பாகுநிலை 1.14-லேருந்து 0.72 மில்லி பாஸ்கல் செகண்டுக்கு இறங்கும், டிஃப்யூஷன் குணகம் கெல்வின் வெப்பநிலைய பாகுநிலையால வகுத்த விகிதத்துல ஏறும், அதுலயே 1.7 மடங்கு. கரைதிறனும் கொஞ்சம் கூடும். எல்லாத்தையும் சூத்திரத்துல போட்டா கரையற வேகம் 1.8 மடங்கு பக்கம் வித்தியாசப்படும். அதாவது சேலத்துல வேலை செஞ்ச நேரக்கணக்க அப்படியே காபி தோட்டத்துக்கு மேல தூக்கிட்டு போனா செல்லாது. எல்லா குணகத்தையும் வெப்பநிலையோட சேத்தே எழுதுங்க, 25 டிகிரின்னு கல்வெட்டுல வெட்டின மாதிரி எண்ண உள்ள புதைச்சு வைக்காதீங்க.

அதுவும் பொட்டாஷ் கரையும்போது சூட்ட உறிஞ்சும். கையால தொட்டு பாத்தவங்களுக்கு தெரியும், ட்ரம் ஜில்லுன்னு ஆயிடும். ஒரு கிலோவுக்கு சுமார் 230 கிலோ ஜூல், 20 கிலோவ 200 லிட்டர்ல போட்டா வெப்பநிலை 5 டிகிரிக்கு மேல இறங்கும். அதனால லூப்ல வெப்பநிலைக்கும் ஒரு வரி சேக்கணும். சமையல் உப்புக்கு இந்த வேலை இல்ல, அது உறிஞ்சற சூடு ரொம்ப கம்மி.

அடுத்தது கல்லோட சைஸ், எனக்கு கேட்டா மொத்த மாடல்லயும் விடைய அதிகமா ஆட்டி வைக்கறது இதுதான். மூட்டைய பிரிச்சா பொடியும் இருக்கும் 3 மி.மீ. கல்லும் இருக்கும். சராசரி 1 மி.மீ.ன்னு எடுத்துட்டு அரை நிமிஷத்துல கரைஞ்சிடும்னு எழுதினா, நெசத்துல 3 மி.மீ. கல்லு ஒன்றரை நிமிஷம் தாண்டியும் கெடக்கும், ஏன்னா மேல பாத்தபடி நேரம் விட்டத்துக்கு நேர் விகிதம். எடைல எட்டுல ஏழு பங்கு பாதி நேரத்துல போயிடும்னு சொன்னேன்ல, அதனால செறிவு வரைபடத்த மட்டும் பாத்தா வேலை முடிஞ்ச மாதிரி தெரியும், ஃபில்டர்ல போய் அடைக்கற கடைசி சில கல்லு அந்த வரைபடத்துல கண்ணுக்கே படாது. காலேஜ் லேப்ல சல்லடை செட் இருக்கும், ஒரு கிலோ எடுத்து சலிச்சு ஒவ்வொரு தட்டுலயும் எவ்வளவு நிக்குதுன்னு எடை போடுங்க. அத ரோசின்-ராம்லர் வளைவுக்கு (எந்த சைஸ் எவ்வளவு இருக்குன்னு காட்டற வளைவு) பொருத்திக்கலாம், இல்லன்னா அஞ்சாறு சைஸ் வகுப்பா பிரிச்சு அப்படியே லூப்ல ஓட்டலாம், எனக்கு ரெண்டாவது வழி தான் புடிக்கும், சலிச்ச எண்ணு கண்ணு முன்னாடி இருக்கும். எல்லா வகுப்பும் ஒரே ட்ரம் தண்ணில கரையுதுங்கறத மறந்துடாதீங்க, பொடி மொதல்ல கரைஞ்சு செறிவ ஏத்தி விட்டுடும், பெரிய கல்லுக்கு மிச்ச இடம் தான். நம்ம 20 கிலோ கேஸ்ல கடைசில லிட்டருக்கு சுமார் 95 கிராம் ஏறி இருக்கும், இழுக்கற சக்தில மூணுல ஒரு பங்கு கிட்ட காலி.

சிவப்பு பொட்டாஷ டிரிப்ல விடாதீங்கன்னு உரக்கடைல சொல்லுவாங்க, அதுக்கு காரணமும் இந்த மாடல்ல தெரியும். அந்த சிவப்பு இரும்பு ஆக்சைடு, அது தண்ணில கரையாது. மாடல்ல ஒவ்வொரு கல்லுக்குள்ளயும் கரையாத ஒரு பங்கு இருக்குன்னு வச்சு ஓட்டுங்க. 120 மெஷ் ஃபில்டர்ல (இங்க மெஷ்னா வலையில இன்ச்சுக்கு எத்தன கண்ணுங்கறது) ஏறக்குறைய 130 மைக்ரான் வரைக்கும் உள்ளது தாண்டிடும். அந்த சைஸ் பொட்டாஷ் கல்லு ட்ரம்ல உள்ள செறிவுலயே ஆறேழு செகண்டுல கரைஞ்சு காணாம போயிடும், லைன்ல நல்ல தண்ணியோட கலந்தா இன்னும் சீக்கிரம், அதனால ஃபில்டர தாண்டின உப்ப பத்தி கவலையே வேணாம். இரும்பு பொடி மட்டும் கடைசி டிரிப்பர் வரைக்கும் போய் உக்காரும். இந்த ஒரு முடிவுக்கு 3டி தேவையே படல பாருங்க.

சரி, 3டி எப்ப வேணும்? கல்லு எங்க இருக்குங்கறது விடைய மாத்தும்போது வேணும். இதுவரைக்கும் கல்லு மிதந்துட்டே இருக்குன்னு வச்சு கணக்கு போட்டோம். ஆனா செகண்டுக்கு 11 செ.மீ. வேகத்துல மூழ்கற கல்லு, குச்சிய வச்சு நாலு சுத்து சுத்தினா நிக்குமா, அடில போய் குவிஞ்சிடும். குவிஞ்சதும் எல்லாம் மாறிடும், மேல் வரிசை கல்லு மட்டும்தான் ஓட்டத்த பாக்கும், உள்ள இருக்கற கல்லு தெவிட்டிய கரைசல்ல முங்கி கெடக்கும். அந்த கரைசல் தண்ணிய விட 18 சதவீதம் கனம், மேல ஏறாம அடிலயே படிஞ்சு நிக்கும். வெறும் டிஃப்யூஷன நம்பி 10 செ.மீ. தாண்டணும்னா தூரத்தோட வர்க்கம் ÷ டிஃப்யூஷன் குணகம், ரெண்டு மாசம் வரும்! டீ க்ளாஸ் அடில சர்க்கரை தங்கற கதை தான். அதனால மோட்டார் போட்டு கலக்கறவங்க எல்லா கல்லும் அடிய விட்டு எழும்பற அளவுக்கு சுத்தணும், அந்த குறைஞ்சபட்ச சுத்து வேகத்துக்கு 1958-ல ஸ்விட்டெரிங் குடுத்த சூத்திரம் இன்னிக்கும் புழக்கத்துல இருக்கு, 3டி-க்கு முன்னாடி அதையும் ஒரு தடவ போட்டு பாருங்க. கல்லு எழும்பிட்டா அதுக்கு மேல வேகமா சுத்தறதுல லாபம் கம்மி.

பைப்லயும் இதே தான். 2 இன்ச் பைப்ல செகண்டுக்கு அரை மீட்டர் ஓட்டம்னா அரை நிமிஷத்துல கல்லு 15 மீட்டர் போகும், அதுக்குள்ள கரைஞ்சிடும்னு நெனைக்கத் தோணும், ஆனா பைப் படுத்து கெடந்தா 1 மி.மீ. கல்லு அரை செகண்டுல அடிய தொட்டுடும், அப்புறம் உருண்டு உருண்டு போகும். தனிக்கல்லு சூத்திரம் அங்க செல்லாது.

3டி-ல ஒவ்வொரு கல்லையும் மெஷ்ஷால சுத்தி வளைச்சு படலத்தையே நேரடியா கணக்கு போடணும்னு சிலருக்கு ஆசை. விட்டத்த ஷெர்வுட்டால வகுத்தா படலத்தோட தடிமன் வரும், 18 மைக்ரான். அதுக்குள்ள அஞ்சாறு செல் வேணும்னா ஒரு செல் 3 மைக்ரான், 200 லிட்டர் முழுக்க அந்த சைஸ்ல நெரப்பினா 7-க்கு பின்னாடி 15 சைபர். ஆகற காரியமா? ஒத்த கல்லுக்கு பண்ணி சூத்திரத்த சரிபாக்கலாம், அது நல்ல எம்.டெக் வேலை. ட்ரம்முக்கு கல்ல புள்ளியா வச்சு பின்தொடர்ற முறை தான் வழி: தண்ணிக்கு வழக்கமான மெஷ், அதுல கல்லு ஒவ்வொண்ணும் ஒரு புள்ளி, இடம், வேகம், விட்டம் மூணும் கூடவே போகும், கரையறது மேல பாத்த அதே சூத்திரம். 20 கிலோல 1 மி.மீ. கல்லு ரெண்டு கோடிக்கு கொஞ்சம் கம்மியா இருக்கும், அத்தனையும் தனித்தனியா வேணாம், ஆயிரம் கல்ல ஒரு பொட்டலமா கட்டி ஓட்டினா இருபதாயிரம் பொட்டலம் கூட வராது, சாதாரண லேப்டாப்பே தாங்கும்.

ஓபன்ஃபோம்ல துகள்கள பின்தொடர்ற லக்ராஞ்ஜியன் நூலகம் இலவசமாவே கூட வரும். அதுல இருக்கற ஆவியாகற துளி மாடல எடுத்து, தெவிட்டிய ஆவி செறிவு இருக்கற இடத்துல உப்போட தெவிட்டிய செறிவ போட்டு மாத்திக்கறது தான் சுருக்கு வழி, சி ப்ளஸ் ப்ளஸ் கொஞ்சம் தெரியணும். இங்க கவனம் வேண்டிய இடங்கள சொல்லிடறேன். மெஷ் செல் கல்ல விட மூணு நாலு மடங்காவது பெருசா இருக்கட்டும், சின்னதா போட்டா கல்லு தான் கக்கின உப்ப தானே சுத்தி இருக்கற செறிவா படிச்சுட்டு மெதுவா கரையும், மெஷ் நல்லா இருந்தா விடையும் நல்லா இருக்கும்ங்கற வழக்கமான நம்பிக்கை இங்க தலைகீழ். அப்புறம் காத்துல துளிக்கு எழுதின மாடல்ல தண்ணியோட கூடுதல் நிறை விசையும் (கல்லு வேகம் மாறும்போது பக்கத்து தண்ணியையும் சேத்து தள்ள வேண்டியது) அழுத்த சரிவு விசையும் (சுத்தி உள்ள தண்ணி அழுத்த வித்தியாசம் கல்ல தள்றது) அணைச்சு வச்சிருப்பாங்க, காத்துல அது பரவால்ல, ஆனா கல்லு தண்ணிய விட ரெண்டே மடங்கு கனம் இருக்கற நம்ம கேஸ்ல ரெண்டையும் போட்டே ஆகணும். தண்ணியோட அடர்த்தி செறிவோட மாறணும், இல்லன்னா அடில படியற கனமான கரைசலே மாடல்ல வராது. உப்பு கரையற எடை, உறிஞ்சற சூடு, கல்லு தண்ணிய இழுக்கற விசை மூணும் கல்லுலேருந்து தண்ணி பக்கத்துக்கும் போகணும், ஒருவழிப் பாதையா விட்டுடாதீங்க. டைம் ஸ்டெப்ப பொறுத்தவரைக்கும், 0.1 மி.மீ. கல்லு தண்ணி வேகத்துக்கு பழக ஒரு மில்லி செகண்டு தான் எடுக்கும், சும்மா நேரடியா ஸ்டெப் எடுத்தா அதுக்கும் கீழ போகணும், அதனால இழுவிசைக்கு மட்டும் இம்ப்ளிசிட் முறை (ஸ்டெப் முடியறப்ப வரப்போற வேகத்தையே வச்சு தீர்க்கறது) வைங்க.

நல்லா கலங்கற ட்ரம்ல டர்புலன்ஸே (தண்ணியோட கொந்தளிப்பே) கல்ல உலுக்கும், மூழ்கற வேகத்த மட்டும் ஸ்லிப்பா எடுத்தா போதுமான்னு கேக்கலாம். ஒரு கிலோ தண்ணிக்கு எத்தன வாட் உள்ள போகுதுங்கறத வச்சு ஷெர்வுட் கண்டுபிடிக்கற தனி சூத்திரங்கள் இருக்கு. கிலோவுக்கு 0.1 வாட் போட்டு பாத்தா 1 மி.மீ. கல்லுக்கு 60 பக்கம் வருது, மூழ்கற வேகத்துல 55 வந்துச்சு, ஆகமொத்தம் பெரிய சண்டை இல்ல. ரெண்டையும் போட்டு பெருச எடுத்துக்கோங்க.

மாடல் சரியா வருதான்னு பாக்கற ஒரு அருமையான சோதனை, விவசாயிங்க கையிலயே இருக்கு. உரத்த துணில மூட்டையா கட்டி ட்ரம்ல மேலாக்க தொங்க விட்டுடுவாங்க, யாரும் கலக்காமலே கரையும். கரைஞ்ச கனமான கரைசல் தானா கீழ வழியும், அந்த இடத்துக்கு நல்ல தண்ணி வந்துட்டே இருக்கும். உங்க 3டி மாடல்ல மூட்டைய மேல வச்சும் அடில வச்சும் ஓட்டி பாருங்க, மேல வச்சது வெகு சீக்கிரம் கரையணும். ரெண்டும் ஒரே நேரம் காட்டினா அடர்த்தி மாற்றம் வேலை செய்யல.

இதெல்லாம் படலம் தான் தடைங்கற உப்புகளுக்கு. சில பொருளுக்கு மேற்பரப்புலயே தடை. சேலம் சாக் ஹில்ஸ்ல வெட்டின மேக்னசைட் கல்லு மேல குளிர்ந்த நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்த விட்டா சுண்ணாம்புக்கல்லு மாதிரி பொங்காது, சூடு பண்ணனும் இல்ல பொடி பண்ணனும். அங்க படலத்த எவ்வளவு மெலிசாக்கினாலும் பிரயோஜனம் இல்ல. இதுக்கு ரெண்டு தடையையும் தொடர்ல சேக்கணும், 1 ÷ மொத்த குணகம் = 1 ÷ ஓட்ட குணகம் + 1 ÷ மேற்பரப்பு வினை குணகம். எது தடைன்னு கண்டுபிடிக்க, கலக்கற வேகத்த ரெட்டிப்பாக்கி பாருங்க, கரையற நேரம் மாறலன்னா மேற்பரப்பு தான். ஆனா கல்லு ஏற்கனவே முழுசா மிதந்துட்டு இருந்தா பொட்டாஷ்லயும் பெருசா மாறாது, அதனால குழம்பாம இருக்க வெப்பநிலையையும் மாத்தி பாருங்க, மேற்பரப்பு வினை வழக்கமா சூட்டுக்கு ரொம்ப அதிகமா துள்ளும். ஜவ்வரிசிக்கு இந்த மாடல் போடலாமான்னு சேலத்துல கேக்காம இருக்க மாட்டாங்க, போடாதீங்க, அது ஊறி உப்பற சரக்கு, கரையற சரக்கு இல்ல.

கடைசியா அளந்து பாக்கறது. உரம் விடறவங்க வச்சிருக்கற ஈசி பேனா மீட்டர் (தண்ணியோட மின்கடத்துதிறன அளக்கறது) போதும், கடைல காலிபரேஷனுக்கு விக்கற 1413 மைக்ரோ சீமென்ஸ் கரைசலே பொட்டாசியம் குளோரைடு தான், லிட்டருக்கு முக்கா கிராம். ட்ரம் கரைசல நேரா அளக்க முடியாது, பேனாவோட எல்லைய தாண்டிடும். ஒரு லிட்டர் பீக்கர்ல 2 கிராம், சலிச்சு ஒரே சைஸ் எடுத்த கல்லு, காந்த ஸ்டிர்ரர்ல எழும்பற அளவுக்கு சுத்தல், போன்ல வீடியோ ஓட விட்டு மீட்டர் எண்ண பின்னாடி படிச்சுக்கோங்க. போர் தண்ணின்னா ஆரம்ப எண்ண கழிக்கணும், முடிஞ்சா காய்ச்சி வடிச்ச தண்ணியே எடுங்க. மலிவு பேனா சில செகண்டு தாமதமா தான் ஏறும், அந்த தாமதத்த தனியா அளந்து வச்சுக்கோங்க, இல்லன்னா 1 மி.மீ. கல்லோட அரை நிமிஷத்துல அதுவே ஒரு பங்க தின்னுடும், 2 அல்லது 3 மி.மீ. கல்லு எடுத்தா இந்த தொல்லை கம்மி. ஆனா 3 மி.மீ.ல ரெனால்ட்ஸ் ஆயிரத்த தொடும், ரான்ஸ்-மார்ஷல் சோதிச்ச எல்லைய தாண்டிட்டோம், அங்க 10, 20 சதவீதம் விலகினா சூத்திரத்த திட்ட வேணாம்.

கல்லு உருண்டையா இல்லாம கோணலா இருக்கறதால நெசத்துல கொஞ்சம் வேகமா கரையறது சகஜம், அதுக்குன்னு ஒரே ஒரு பெருக்கு எண்ண வச்சு சரிக்கட்டுங்க, அதுவும் ஒரு சைஸுக்கு பொருத்திட்டு இன்னொரு சைஸுக்கு, இன்னொரு வெப்பநிலைக்கு மாத்தாம ஓட்டி பாக்கணும். மாடல் சொல்றதுல பாதி வேகம் தான் மீட்டர்ல வருதுன்னா மொதல்ல பீக்கர் அடிய பாருங்க, கல்லு அங்க படுத்திருக்கும்.